பக்கத்து வீட்டு ராட்டினம்

ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுக் கிணறு. நடுவில் சுவர், ஆளுக்கொரு ராட்டினம்.

சுதந்திரம் வந்த வருஷம் குடிவந்தோம். பதினைந்து வருஷமாக விடியற்காலையில் பக்கத்து வீட்டுக்காரர் ராட்டினம் அலற, என் மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு எழுவாள்.

“எண்ணெய் போடச் சொல்லுங்களேன்.”

“அவருக்கே தெரிய வேண்டாமா?” என்பேன்.

இன்று அவள் அழுதுவிட்டாள். போய்ச் சொன்னேன். தனியாக இருக்கும் மனிதர், பதறிப்போய் உடனே எண்ணெய் விட்டார். “எனக்குக் காது மந்தம்ங்க. முன்னாடியே சொல்லக் கூடாதா?”

திரும்பி வந்ததும் மனைவி கேட்டாள். “எவ்வளவு நேரமாச்சு?”

“ரெண்டு நிமிஷம்.”

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

காது கேட்காவிட்டால் என்ன, எண்ணெயில்லாத ராட்டினம் இழுக்கிற கைக்குத் தெரியாதா? என் பக்கம் யாராவது உண்டா, சொல்லுங்கள்.