ஒட்டுப் போட்ட கப்பல்

எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் இரண்டு வருடம் ஆசிரியர் பயிற்சி படித்தேன். படித்தேன் என்பதைவிட வெட்டினேன், ஒட்டினேன், வண்ணம் தீட்டினேன் என்று சொல்வதுதான் பொருத்தம். குரோம்பேட்டையில் ரயில் ஏறும்போது கக்கத்தில் சுருட்டிய சார்ட்டுகள் இருக்கும். "இன்னாம்மா, கண்ணைக் குத்திடப் போற" என்று யாரிடமாவது திட்டு வாங்காமல் இறங்கிய நாள் குறைவு.

எங்கள் படிப்பின் உயிர் பாடக்குறிப்பு நோட்டில் இருந்தது. பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடது பக்கம் நாங்கள் கேட்கப்போகும் கேள்வியையும் வலது பக்கம் பிள்ளைகள் சொல்லப்போகும் பதிலையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளை நாளைக் காலையில் என்ன பேசும் என்று இன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குகிற துணிச்சல் எங்களுக்கு இருந்தது. வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளும் அதையே சொன்னார்கள்.

காரணம் இருந்தது. பயிற்சி நிலையத்தை ஒட்டியிருந்த தொடக்கப்பள்ளியில் வருடா வருடம் எங்களைப் போல ஒரு கும்பல் போய் அதே பாடங்களை நடத்தும். மூன்றாம் வகுப்பிலிருந்த பிள்ளைகள் எங்களைவிட அனுபவசாலிகள். ஒருநாள் நான் அடுத்தது என்ன என்று தெரியாமல் விழித்தபோது, ஒரு பையன் "இப்ப சார்ட்டு மாட்டணும் டீச்சர்" என்று எடுத்துக்கொடுத்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனாலும் சார்ட்டை மாட்டினேன்.

அந்த வகுப்பில் முதல் வரிசையில் ஒரு சிறுமி இருந்தாள். கேள்வி முடிவதற்குள் கையைத் தூக்கிவிடுவாள். பயிற்சிக்கு வரும் எல்லோருக்கும் அவள்தான் செல்லம். ஒரு சொல்லைப் பெரிதாக எழுதிய மின்னட்டையை ஒரு நொடி காட்டிவிட்டு இறக்க வேண்டும். பிள்ளைகள் படித்துச் சொல்ல வேண்டும். நான் இறக்குவதற்குள் அவள் "யானை", "மாம்பழம்", "கப்பல்" என்று சொல்லி முடித்திருப்பாள். அந்த அட்டைகள் எங்களுக்குச் சீனியர்கள் கொடுத்தவை. அவர்களுக்கு அவர்களுடைய சீனியர்கள் கொடுத்தார்களாம்.

செய்முறைத் தேர்வுக்குப் பழைய அட்டைகள் ஆகாது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வந்து கடைசி வரிசையில் உட்காருவார், அட்டை, சார்ட்டு என்று நாங்கள் செய்த கருவிகளைத் தனியாகப் பார்த்து மதிப்பெண் போடுவார். அதில் தவறினால் ஒரு வருடம் போய்விடும். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் என் பதிவும் ஒரு வருடம் பின்னால் போகும். எனக்குப் பின்னால் வீட்டில் இரண்டு தங்கைகள் இருந்தார்கள். அதனால் அதே சொற்களைப் புது அட்டைகளில் முத்து முத்தாக எழுதினேன். தேர்வுக்கு முதல்நாள் வகுப்பில் ஒத்திகை பார்த்தேன்.

'கப்பல்' அட்டையைத் தூக்கினேன். அந்தச் சிறுமி கை தூக்கவில்லை. நானே அவளைக் கேட்டேன். அட்டையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இது எந்த அட்டை டீச்சர்?" என்றாள். பையிலிருந்த பழைய அட்டையை எடுத்துக் காட்டினேன். "கப்பல்!" என்று கத்தினாள்.

"எப்படிம்மா கண்டுபிடிச்ச?"

"மூலைல ஒட்டுப் போட்டுக்கீது பாரு டீச்சர். அதான் கப்பல். மை கொட்டியிருந்தா மாம்பழம். யானை அட்டைக்கு ஓரம் கிழிஞ்சிருக்கும்."

ரொம்பப் பெருமையாகச் சொன்னாள். நான் முதலில் சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது. கரும்பலகையில் 'கல்' என்று எழுதிக் காட்டினேன். அவளுக்கு அதுவும் தெரியவில்லை. இத்தனை பேர் இத்தனை பாடம் நடத்தி, எல்லோரும் அவளுக்கு "வெரி குட்" சொல்லியிருக்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

பொத்தேரியிலிருந்து வரும் என் தோழியிடம் சொன்னேன். "நாளைக்கு உனக்கு முப்பத்தஞ்சு நிமிஷம்தான் பாடம். இப்பப் போய் அவளுக்கு அனா ஆவன்னாவா ஆரம்பிப்ப? அவளைக் கேக்காத, அவ்ளோதான்" என்றாள். வகுப்பு ஆசிரியையிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். தேர்வு முடியட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் மறுநாள் காலை ரயிலில் அந்தப் பழைய 'கப்பல்' அட்டையைப் புது அட்டைகளுக்கு அடியில் செருகிக்கொண்டேன். எதற்கென்று எனக்கே நான் சொல்லிக்கொள்ளவில்லை.

தேர்வில் பாடம் நன்றாகவே போனது. பாதியில் தேர்வாளர் குரல் கொடுத்தார்.

"ஏம்மா, முன்னாடி உக்காந்திருக்கிற அந்தப் பொண்ணு கையே தூக்கலையே. அதைக் கேளும்மா."

அடியிலிருந்த அட்டையை உருவி, ஒட்டுப் போட்ட மூலை அவள் பக்கம் நன்றாகத் தெரியும்படி பிடித்தேன். கடைசி வரிசைக்கு அது தெரியாது. அவள் முகம் மலர்ந்தது. எழுந்து நின்று, கணீரென்று "கப்பல்" என்றாள்.

"வெரி குட்" என்றார் தேர்வாளர். என் நோட்டில் வலது பக்கம் அதே பதில்தான் எழுதியிருந்தது. நல்ல மதிப்பெண் போட்டார். பின்னாளில் அந்த மதிப்பெண்ணோடுதான் வேலைக்குப் போனேன். பல வருடம் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தேன். அதனால் அது சரியாகிவிட்டது என்று ஒருநாளும் எனக்குத் தோன்றியதில்லை. அந்த வகுப்பு ஆசிரியையிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை. சொன்னால் என் பாடம் பொய் என்று ஆகிவிடும். வெட்கம் இன்னும் இருக்கிறது.

அன்று சார்ட்டுகளைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அந்தச் சிறுமி பின்னாலேயே ஓடிவந்தாள்.

"நான் கரெக்டா சொன்னேன்ல டீச்சர்?"

"கரெக்டா சொன்ன."

"புது அட்டைதான் ஒண்ணுகூட வரல. நாளைக்குச் சொல்லித் தரியா டீச்சர்?"

"தரேன்" என்றேன்.

தேர்வு முடித்த டீச்சர்கள் மறுநாள் வருவதில்லை. எனக்கு அது தெரியும். எங்களைப் போல எத்தனையோ பேரைப் பார்த்த அவளுக்கும் தெரிந்திருக்கும். இருந்தும் சரியென்று தலையாட்டிவிட்டு வகுப்புக்குள் போனாள்.