படபடவென்று பேசுகிறவர்

என் வீட்டுக்காரர் மலேசியாவுக்கு மரக்கம்பெனி வேலைக்குப் போனபோது எனக்கு ஐந்து மாதம். தொண்ணூறுகளின் கடைசி. பூலாம்பாடியில் எங்கள் தெருவில் யார் வீட்டிலும் போன் கிடையாது. எஸ்.டி.டி. பூத்தில் பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும்போது கட்டினவரிடம் என்னத்தைப் பேச? அதனால் எங்களுக்குக் கேசட்தான்.

ஒரே ஒரு கேசட். பழைய பாட்டு கேசட்டின் மூலை ஓட்டைகளில் பேப்பரைத் திணித்தால் அதன் மேல் பேசிப் பதிய முடியும். லீவில் வருகிறவர் யாராவது அதைக் கொண்டுவருவார். என் வீட்டுக்காரர் பேசியதை நாலு நாள் கேட்டுவிட்டு, அதன் மேலேயே நான் பேசித் திருப்பி அனுப்புவேன். புதுசு ஒன்று வாங்கினால் குடியா முழுகிப்போகும் என்று இன்றைக்குக் கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்குத் தெருவே அப்படித்தான் செய்தது, நானும் செய்தேன்.

“எனக்கு நல்லது கெட்டது எதுவும் சொல்ல வேணாம் புள்ள. ஊர்ச் சத்தத்தப் புடிச்சு அனுப்பு, போதும்” என்றார் ஒரு தடவை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டினவள் குரலைவிட மோட்டார் சத்தம் ஒசத்தியா? ஆனாலும் டேப்பைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போனேன். போட்டுக் கேட்டால் வெறும் காற்று. சரி போ, வாயாலேயே சொல்லிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

“கேட்டுக்கங்க. மோட்டார் தடதடன்னு ஓடுது. தண்ணி சளசளன்னு விழுது. சோளத்தட்ட சலசலன்னு ஆடுது. ஒங்கம்மா லொக்கு லொக்குன்னு இருமிக்கிட்டு, மருந்து வாங்கித் தந்தாலும் குடிக்க மாட்டேங்குது. என் நெஞ்சு திக்கு திக்குங்குது, அது ஒங்களுக்கு எங்க கேக்கப்போவுது?”

மகள் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் கொலுசு போட்டேன். அவள் ஜல் ஜல்லென்று வீடெல்லாம் சுற்றியதை, டேப்பைத் தரையில் வைத்துப் பதிந்து அனுப்பினேன். அடுத்துக் கேசட் வந்தால் அவளை மடியில் வைத்து அப்பா குரலைக் கேட்கவைக்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு ஆசை. முன்பு கேசட் வந்தபோதெல்லாம் அவள் கைக்குழந்தை, ஒன்றும் தெரியாது.

எட்டு மாதம் கழித்து, அவரோடு ஒரே ரூமில் தங்கியிருந்த பக்கத்து ஊர்க்காரர் லீவில் வந்தார். சோப்பு, பவுடர் டப்பா, பிளாஸ்டிக் உறை பிரிக்காத புதுக் கேசட் ஒன்று.

“அண்ணே, அவங்க பேசின கேசட் எங்க?”

“அத எங்கம்மா குடுக்கிறாரு! மேல பேசினா புள்ள கொலுசுச் சத்தம் அழிஞ்சு போயிடுமாம். இதுல புள்ள பேசுறதப் புடிச்சு அனுப்பச் சொன்னாரு.”

“இதுலயாவது ரெண்டு வார்த்த பேசியிருக்கலாமுல்ல?”

“பேசத்தாம்மா ஒக்காந்தாரு. டேப்புலேர்ந்து பழச எடுத்தாத்தானே புதுச போட முடியும்? எடுக்கவே மனசு வரல. அதுக்குள்ள நான் கிளம்ப வேண்டியதாப் போச்சு.”

அவர் போனதும் சோப்பைத் தூக்கி மூலையில் எறிந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்த மனுஷனுக்கு ஒரு கொலுசுச் சத்தத்தை அழிக்கக் கை வரவில்லை. நான் நாலு தடவை, கொஞ்சமும் யோசிக்காமல், ஒரு பட்டனை அமுக்கி அவர் குரலை அழித்திருக்கிறேன். அன்றைக்கு முழுக்க அழுதேன். புதுக் கேசட்டில் மகள் பேச்சைப் பதிந்து அனுப்பினேன், அதுவும் திரும்பி வரவில்லை.

மூன்று வயதில் மகள் கேட்டாள்: “அப்பா எப்பிடிம்மா பேசுவாங்க?”

மழைக்கு, மோட்டாருக்கு, கொலுசுக்கு எல்லாம் சொல் இருந்தது. அவர் பேச்சுக்குத் தேடித் தேடி, “படபடன்னு பேசுவாங்க” என்றேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. படபட படபட என்று நாள் முழுக்கக் கட்டிலில் குதித்தாள்.

மறு வருஷம் அவர் பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலிலேயே குந்தி உட்கார்ந்து, “வா… தங்கம்… அப்பாகிட்ட… வா” என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு நிறுத்தம்.

மகள் அவரையே பார்த்தாள். ஓடி வந்து என் சேலையைப் பிடித்துக்கொண்டாள். “இவங்க அப்பா இல்லம்மா. படபடன்னு பேசல.”

அவர் சிரித்துவிட்டு என்னைப் பார்த்தார். “அப்பிடியா சொன்ன? நான் எப்பவும் இப்பிடித்தான புள்ள பேசுவேன்?”

“ஆமாங்க” என்றேன். நாலரை வருஷத்தில் அவர் பேச்சுதான் மாறியதா, அவர் இல்லாத வீட்டில் நானாக ஒருவரைப் பேசவைத்துக்கொண்டிருந்தேனா, எனக்குத் தெரியவில்லை. போட்டுக் கேட்டுப் பார்க்க என்னிடம் ஒரு வார்த்தைகூட இல்லை.