காத்தாடி வாத்தியாரும் என் கேள்வியும்

காத்தாடி வாத்தியாரே, போன வாரம் நீங்கள் இறந்த பிறகுதான் உங்கள் சொந்தப் பெயரைக் கேட்டு வைக்கவில்லை என்று உறைத்தது.

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மங்கலம் ரோட்டில் ஒரு நெட் சென்டரில் உட்கார்ந்து, அறிவியல் பாடத்தை வீடியோ எடுத்து இன்டர்நெட்டில் போடுவார். ஒல்லியான ஆள். சத்தம் பதிவாகிவிடும் என்று ஃபேனை நிறுத்திவிட்டு, வேர்த்து வழியப் பேசுவார்.

ஒருநாள் அவரிடம் கேட்டேன். "உடுமலையில கரண்டு எடுக்கற காத்தாடி அத்தனை சுத்துது. நம்ம தெருவுல ஏனுங்க கரண்டே இல்ல? அது யாருக்குப் போகுதுங்க?"

"நல்லாக் கேட்டே கண்ணு. எங்க வேலை செய்யறே?"

பனியன் கம்பெனியின் பெயரைச் சொன்னேன். எங்கள் முதலாளிக்கே அங்கே காத்தாடி உண்டு என்பதையும் சொன்னேன். நான் இப்படிக் கேட்டது அவருக்குத் தெரிந்தால் என் வேலை போய்விடும்.

"அப்ப நீ கேக்கலே. நாந்தான் கேட்டேன்" என்று சிரித்தார்.

வீடியோவிலும் தானே கேட்டதாகச் சொல்லி, ஓட்டுக்கு வருகிறவர்களிடமும் இதைக் கேளுங்கள் என்றார். அதிலிருந்துதான் அவருக்குக் காத்தாடி வாத்தியார் என்று பெயர்.

மறுநாள் நெட் சென்டர்காரர் பிடித்துக்கொண்டார். "பாடம் எடுக்கறேன்னுட்டு அரசியல் பேசறீங்க. அதை அழிங்க, இல்லீன்னா இங்க வராதீங்க."

"கேள்வியை அழிச்சா அப்புறம் பாடம் ஏதுங்க?" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற நான், கேட்டது நான்தான் என்று ஒத்துக்கொள்ளாமல் வேலைக்குப் போய்விட்டேன்.

முன்பின் தெரியாத எனக்காக ஏன் அப்படிச் செய்தாரோ, இன்றும் புரியவில்லை. அவருக்காக நீங்கள் எல்லோரும் அவரவர் சாமியிடம் ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள்.