ஏழுமலை வீட்டுக்கு ஒரு டிரங்க் கால்

வெயில் ஏற ஏற ஹெட்போன் காதில் சுடும். ரப்பர் உருகுகிற மாதிரி ஒரு வாடை... ஜன்னல் வழியாகக் கருவாட்டு வாடையும் வந்து சேர்ந்துகொள்ளும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் முதல் வேலை அது. பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். திருப்பாலைவனத்திலிருந்து தினமும் பஸ்.

யாராவது போனை எடுத்தால் என் எதிரே இருந்த ஸ்விட்ச்போர்டில் அவர் லைனுக்கு உரிய குட்டி மூடி 'டக்'கென்று விழும். நம்பர் சொல்லிக் கேட்டவர்கள் ரொம்பக் குறைவு. "ஐஸ் கம்பெனி குடும்மா", "வலைக்கட பாய் இருக்காரா பாரு"... இப்படித்தான். எந்தப் பேருக்கு எந்த நம்பர் என்பது என் தலையில் இருக்க வேண்டும். எனக்குத் தெரியாவிட்டால் பொன்னேரி எக்ஸ்சேஞ்சைக் கேட்பேன். அவர்களுக்கும் தெரியாவிட்டால் மெட்ராஸைக் கேட்பார்கள்.

ஒருநாள் காலை, மெட்ராஸ் ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து டிரங்க் கால். ஏழுமலை என்பவர் லாரியில் அடிபட்டு நினைவில்லாமல் கிடக்கிறார், ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட வீட்டு ஆள் உடனே வரவேண்டும் என்றார் நர்ஸ். தூக்கி வந்தவர்கள் அவர் பேரையும் குப்பத்தையும் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

அந்தக் குப்பத்தில் ஒரே ஒரு போன், இறால் ஏஜென்ட் வீட்டில். ஏழுமலை வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள் என்றேன். எந்த ஏழுமலை என்று அவரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

அரை மணி நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்தார். ஈரப் புடவை, முழங்கால் வரை சேறு. பேர் தேவகி. புருஷன் முதல் நாள்தான் மெட்ராஸ் போனாராம். கூட வந்த பக்கத்து வீட்டுக்காரம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, குப்பத்தில் இரண்டு ஏழுமலை உண்டு, இரண்டு பேருமே மெட்ராஸ் போயிருக்கிறார்கள் என்றார்.

தேவகியை உட்காரச் சொல்லிவிட்டு ஹெட்போனை மாட்டினேன்.

பொன்னேரியைப் பிடித்து, மறுபடி ஆஸ்பத்திரி லைன் வாங்கினேன். ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று கேட்டேன். நர்ஸ் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வலது கையில் 'ராணி' என்று பச்சை குத்தியிருக்கிறதாம்.

சொன்னதும் தேவகி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தைப் புடவையில் மூடிக்கொண்டார். ராணி அந்த இன்னொரு ஏழுமலையின் மனைவி. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் எழுந்துவிட்டார்.

"ராணி மாசமா இருக்கா. தனியா எப்படிப் போவா? நான் கூட்டினு போறேன்."

வாசல் வரை போய்த் திரும்பினார்.

"உன்ன இன்னா பண்றதுன்னு வந்து சொல்றேன்."

அடுத்த பஸ்ஸிலேயே இருவரும் போனார்கள். ராணி புருஷன் பிழைத்தார். ஒரு கால் மட்டும் லேசாக இழுக்கும். பத்து நாள் கழித்து தேவகி வந்தார். சொன்னபடியே என்னை உட்காரவைத்துத் திட்டினார். திட்டி முடித்ததும் ஒரு நோட்டை எடுக்கச் சொன்னார். குப்பத்தில் யார் யார், யாருக்கு யார் புருஷன், யாருக்கு யார் நைனா... அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அன்றிலிருந்து எனக்கு அவர் தேவகி அக்கா.

போன வாரம் என் மகன் வீட்டு ரவுட்டரில் டிஎன்எஸ் செட் பண்ணிக்கொண்டிருந்தான். பேரைக் கொடுத்தால் நம்பரைக் கண்டுபிடிக்கும், தெரியாவிட்டால் மேலே இருக்கிறதைக் கேட்கும் என்றான். அட, நான் பார்த்த வேலை... ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் என்ன செய்யும் என்று கேட்டேன்.

"அப்படி இருக்கவே முடியாதும்மா. விட மாட்டாங்க."

நல்ல ஏற்பாடுதான். யாரும் சேற்றில் ஓடிவர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பார்க்கப் போகிறேன். இப்போதெல்லாம் அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. போனில் பேச முடியாது... நேரில்தான் போக வேண்டும்.