மரத்துக்குத் திரும்பியவன்

கோலார் தங்க வயல் நாட்களை நினைத்தால், ஷாஃப்ட் வாயிலில், ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கும் கேஜுக்கு மணியடித்த அந்த மனிதரின் குரல்தான் முதலில் காதில் விழுகிறது. ஒல்லியான ஆள்; நரைத்த மீசை. எதைப் பார்த்தாலும் குறை சொல்வார். ஊருக்குப் பயாஸ்கோப் கூடாரம் வந்தபோது முதல் நாளே போய்ப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஷிப்டுக்குக் காத்திருந்த எங்களிடம் ஆரம்பித்தார்.

“கல்யாணப் படமாம். ஒருத்தருக்கும் இலை போடல. அப்புறம் ஒரு குதிரை ஓடுது, எங்க போவுதுன்னே தெரியல.”

“ஒண்ணுகூட நல்லா இல்லியாண்ணா?” என்றேன்.

“ஒண்ணு இருக்குதுபா. மரத்துலேர்ந்து ஒருத்தன் கொளத்துல குதிக்கிறான். படக்காரன் மெஷின் கைப்பிடியைப் பின்பக்கமா சுத்தறான். குதிச்சவன் தண்ணியிலேர்ந்து எழும்பி, மரத்து மேலயே போய் நிக்கிறான்.” ஷாஃப்ட் பக்கம் திரும்பி, “என் தம்பி இந்த ஷாஃப்ட்லதான் வுழுந்தான்,” என்றார்.

அன்று மாலை அவரோடு நானும் போனேன். அந்தப் படம் வந்ததும் அவர் எழுந்து நின்றுவிட்டார். “உக்காருய்யா, மறைக்குது!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். அவரை இழுத்து உட்கார வைக்கக் கையை நீட்டினேன். மனம் வரவில்லை. பக்கத்தில் நானும் எழுந்து நின்றேன்.