தம்பி பார்த்துக் கொடுத்த துப்பாக்கி

என் மாமனாருக்குத் துப்பாக்கி ஆசை வந்தது அடுத்த தெருவில் திருட்டு நடந்த பிறகுதான். அதற்கு முன் அவருக்கு இருந்த ஆசையெல்லாம் நேரத்துக்குச் சாப்பாடு, சாப்பிட்டதும் டிவி. குத்துக்கல்வலசையில் வீடுகள் இப்போதுதான் தள்ளித் தள்ளி முளைத்துக்கொண்டிருக்கும் பகுதி எங்களுடையது. நடுவில் காலி மனைகள், முள்செடிகள். பட்டப்பகலில் ஒரு வயதான தம்பதியைச் சேலையால் கட்டிப்போட்டுவிட்டு நகையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைப் பார்த்து விசாரிக்கப் போன மாமனார் திரும்பி வந்து எங்கள் கிரில் கதவுக்கு இன்னொரு பூட்டு போட்டார். கட்டுண்டு கிடந்தவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அந்த வீட்டுக்காரரிடம் ஒரு துப்பாக்கி இருந்திருந்தால் என்ற பேச்சுதான் சாப்பாட்டு மேசையில் நாள்தோறும் ஓடியது.

வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் கணவருக்குச் சென்னையில் வேலை. மாமியார் இறந்துவிட்டார். எனக்குத் தென்காசியில் வேலை என்பதால் மாமனாரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. காரை ஓட்டுவதும் நான்தான். இனிச் சொல்லப்போகும் இடங்களுக்கெல்லாம் அவரைக் கொண்டுபோய் இறக்கியவள் நான். அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

லைசென்ஸ் விஷயம் தெரிந்த ஒரு புரோக்கர், வெறும் பயத்துக்கெல்லாம் துப்பாக்கி கிடைக்காது என்று சொல்லிவிட்டார். உயிருக்கு ஆபத்து இருப்பதாகக் காட்ட வேண்டும், போலீசில் ஒரு வழக்கு இருந்தால் நல்லது, வழக்குக்கு ஒரு ஆள் வேண்டும் என்றார். மாமனார் இடிந்துபோனார். அவருக்கு எதிரியே கிடையாது. வெறுக்கிற அளவுக்கு அவரை யாரும் பொருட்படுத்தியதில்லை.

எதிரியாக இருக்கச் சம்மதித்தவர் அவருடைய ஒரே தம்பி. நான் சின்ன மாமா என்று கூப்பிடுவேன். சவூதியில் கிரேன் ஓட்டியவர், ஊருக்கு வந்து தங்கியிருந்தார். பழைய கம்பெனியே மறுபடி கூப்பிட்டிருந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான். மகள் நர்சிங் படிப்பதும், அவர் வீட்டில் உலை கொதிப்பதும் அந்த வேலையை நம்பித்தான்.

குற்றாலத்தில் சீசன். அண்ணனும் தம்பியும் உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிக்கடியில் தோளோடு தோள் ஒட்டி நின்று குளித்துவிட்டு வந்தார்கள். தலை துவட்டாமலே பரோட்டாக் கடையில் உட்கார்ந்து புகார் எழுதினார்கள். தோப்பு வரப்புத் தகராறில் தம்பி வெட்ட வந்தான் என்று கதை. மாமனார் கம்பு என்று எழுதியிருந்தார். சின்ன மாமா எட்டிப் பார்த்துவிட்டுச் சால்னா ஒட்டிய விரலால் அந்த இடத்தைக் காட்டினார்.

"அரிவாளுன்னு எழுதுண்ணே. கம்புன்னா ஒருத்தனும் நம்ப மாட்டான்."

போலீஸ் விஷயத்தில் விளையாடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். மாமனார் என்னைக் கவனிக்கவே இல்லை. தம்பியிடம் மட்டும், "லைசென்ஸ் கையில வரட்டும்லே, மறுநாளே சமாதானமாப் போயிட்டோம்னு எழுதிக் குடுத்துருதேன்" என்றார். சின்ன மாமா அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று நம்புகிற ரகம். அந்த வயதில் அப்படி ஒரு நம்பிக்கை இருந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வருகிறது.

ஸ்டேஷனில் சின்ன மாமா ரொம்ப நன்றாக நடித்தார். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, அண்ணனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார். வழக்குப் பதிவானது. வெளியே வந்ததும் இருவரும் ஒரே டம்ளர் காபியை ஆற்றிப் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

லைசென்ஸ் வந்தது. துப்பாக்கி வாங்க மதுரைக்குப் போனபோது எதிரியும் எங்களோடு காரில் வந்தார். கடையில் மாமனார் நேரே கைத்துப்பாக்கி இருந்த பக்கம் போனார். தலையணைக்கடியில் வைத்துக்கொள்ளலாம், சட்டைக்குள் செருகலாம், பார்க்கவும் மிடுக்கு. கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார், சின்னது பழக்கமில்லாதவர் கையில் குறி தப்பும், வீட்டுக் காவலுக்கு நீளக் குழல்தான் சரி, பார்த்தாலே வந்தவன் பின்வாங்குவான் என்று. மாமனார் கேட்கவில்லை. கைத்துப்பாக்கியைக் கண்ணாடி முன்னால் பிடித்துத் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் விசையில் இருந்தது அவருக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்தது.

சின்ன மாமா மெதுவாக அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஒரு இரட்டைக் குழல் துப்பாக்கியை எடுத்தார். மலையடிவாரத் தோப்புகளில் பன்றி விரட்டப் போனவர்களோடு திரிந்த பழக்கம் அவருக்கு உண்டு. தோளில் வைத்துப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், கனம் அண்ணனுக்குத் தாங்குமா என்று அவர் கையில் கொடுத்து வாங்கினார். லாக் எங்கே இருக்கிறது, சுடும் முன் அதை எப்படித் தள்ள வேண்டும் என்று பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் திரும்பத் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். கடைசியில் அவர் தேர்ந்தெடுத்ததையே வாங்கினோம். திரும்பி வரும்போது மாமனார் முன் சீட்டில் தூங்கினார். பின் சீட்டில் துப்பாக்கிப் பெட்டியைச் சின்ன மாமா மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அதற்குப் பிறகு சமாதானப் பேச்சு நகரவில்லை. பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வந்தது. கொலை மிரட்டல் வழக்கு இருக்கிறதே என்று கேட்டார்கள். சின்ன மாமா சிரித்துக்கொண்டே வந்தார், எழுதிக் கொடுண்ணே என்று. மாமனார் பார்ப்போம் என்றார். அடுத்த தடவை அவர் சிரிக்காமல் வந்தார். மாமனார் தலைவலி என்று படுத்துக்கொண்டார். புகார் பொய் என்று தெரிந்தால் தன்னைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள், துப்பாக்கியையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவருக்குப் பயம். அதிலும் இரண்டாவதுதான் பெரிய பயம். நான் முகத்துக்கு நேராகவே கேட்டேன், தம்பி பிழைப்பு போகுதே மாமா என்று. "அவனுக்கென்ன, ஒடம்புல தெம்பு இருக்கு, எங்கனயும் பொழச்சுக்கிடுவான்" என்றார். அன்று ரசத்தில் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டேன். என் கோபத்துக்கு அதுதான் முடிந்தது.

கம்பெனி இனிக் காத்திருக்காது என்று தெரிந்த நாளில் சின்ன மாமா மறுபடி வந்தார். நல்ல வெயில். கிரில்லுக்கு வெளியே நின்று அண்ணே, அண்ணே என்று கூப்பிட்டார். குரல் கொஞ்சம் உயர்ந்ததுதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். மாமனார் பீரோவைத் திறந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முன்கூடத்துக்கு வந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, தம்பியின் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். வேட்டி காலைச் சுற்றியது. உதடு கோணியிருந்தது.

சின்ன மாமா குழலைப் பார்த்தார். பிறகு அண்ணனின் விரலைப் பார்த்தார்.

"லாக்கை எடுக்காமப் புடிச்சிருக்கண்ணே. கடையில அத்தன தடவ சொல்லிக் குடுத்தேம்லா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். மாமனார் துப்பாக்கியைத் தூக்கி முகத்தருகில் கொண்டுபோய் லாக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

சவூதி வேலை போயிற்று. மகள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சுரண்டையில் ஒரு துணிக்கடைக்குப் போனாள். மாமனார் அதைக் கேட்டுவிட்டு, பொம்பளைப் பிள்ளைக்கு உள்ளூர் வேலைதான் பாதுகாப்பு என்றார். அந்த நிமிடம் அவரை எனக்குக் கட்டோடு பிடிக்காமல் போனது. இன்றுவரை பிடிக்கவில்லை.

அப்புறம் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். முடிவு வந்த பிறகுதான் திருப்பித் தருவார்கள். ஊரறிந்த வழக்கம் இது. மாமனாருக்கு மட்டும் இது தனக்கு எதிரான சதிபோல் பட்டது. முனகிக்கொண்டே கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் காலையில் எங்கள் வீட்டுக்கு எதிரே, சாலையோர வேப்பமரத்தடியில் ஒரு தள்ளுவண்டி நின்றது. வண்டி நிறைய இளநீர். சின்ன மாமா அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஆள் வந்தால் வெட்டினார், வராவிட்டால் தீட்டினார். ஒவ்வொரு வெட்டுச் சத்தத்துக்கும் மாமனார் நாற்காலியில் தூக்கிப்போட்டு நிமிர்ந்தார். ஜன்னலைச் சாத்தினார். பேப்பர் எடுக்கக்கூட வெளியே வரவில்லை. அவன் அரிவாளோடு வந்து நிற்கிறான், முன்பே வெட்ட வந்தவன்தானே என்று என்னிடமே சொன்னார். பரோட்டாக் கடையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம். அவர் நடிக்கவில்லை. தான் எழுதியதைத் தானே நம்பத் தொடங்கியிருந்தார்.

ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். ஒரு ஏட்டு வந்து விசாரித்தார், ஒரு இளநீர் குடித்தார், வாயைத் துடைத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். இளநீர் வெட்ட அரிவாள் வைக்காமல் கத்தரிக்கோலா வைத்திருப்பான் என்று கேட்டுவிட்டுப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவில்லை.

தேர்தல் முடிந்து, முடிவும் வந்து, துப்பாக்கியை வாங்கிக்கொள்ளலாம் என்று தகவல் வந்தது. லைசென்ஸ்காரர்தான் நேரில் போக வேண்டும். போவதென்றால் கிரில்லைத் திறந்து வண்டியைத் தாண்டிப் போக வேண்டும். நாளைக்குப் போகலாம், வெயில் தாழட்டும், முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். துப்பாக்கி இன்னும் ஸ்டேஷனில்தான் இருக்கிறது.

போன வாரம் நான் வேலைக்குக் கிளம்பும்போது சின்ன மாமா முதன்முறையாக என்னைக் கூப்பிட்டார். குலையில் தட்டித் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்து, கச்சிதமாகச் சீவிக் கொடுத்தார். அண்ணனுக்கு வழுக்கை ஒத்துக்கொள்ளாது, இதில் தண்ணீர் மட்டும்தான் இருக்கும் என்றார். உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்து, யார் கொடுத்தது என்று சொன்னேன். மாமனார் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"நீ மொதல்ல குடி" என்றார்.

நின்றபடியே கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் குடித்தேன். காலிக் கூட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

அண்ணன் குடித்தாரா என்று சின்ன மாமா கேட்டார். விஷம் வைத்திருப்பீர்கள் என்று நினைத்து என்னைக் குடிக்கச் சொன்னார் என்றேன்.

அரிவாள் அப்படியே நின்றது. அவர் முகம் ஒரு கணம் சின்னப் பிள்ளை முகம்போல் சுருங்கியது. பிறகு அடுத்த இளநீரைத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"ரொம்பப் பயந்தாரோ?"

"ஆமா சின்ன மாமா."

"அப்ப நாளைக்கும் ஒண்ணு தாரேன், கொண்டு குடு."

சரி என்றேன். தினமும் கொண்டுபோய் வைக்கிறேன்.