ஜானகி மாமியின் கைக்கு ஏற்ற கத்தி

2001-இல் நான் டூல் ரூமில், கருவிகள் செய்யும் பிரிவில், வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஜாதவ்பூரில் எங்கள் வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில், கேட்பவர்களுக்குக் கத்தி செய்து கொடுக்க ஆரம்பித்தேன். முதலில் ஹோட்டல் சமையல்காரர்கள் வந்தார்கள். பிறகு ஹோட்டல்களிலேயே கூட்டமில்லை. அந்த மழைக்காலம் முழுக்க ஓர் ஆர்டரும் வரவில்லை. செய்து வைத்த கத்திகள் துருப்பிடிக்காமல் தினமும் எண்ணெய் தடவுவேன். அது ஒன்றுதான் வேலை. “ஆண்டவரே, ஒரு ஆர்டர் கொடும்” என்று கெஞ்சுவேன். வானம் அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது.

அப்போது எங்கள் ஊரின் லேக் மார்க்கெட் பகுதியிலிருந்து ஜானகி மாமி கணவரோடு வந்தார். மாமிக்குப் பக்கவாதத்தில் வலது கை விழுந்துவிட்டது. இடது கையிலும் வலுவில்லை.

“ஒரு கத்திரிக்கா நறுக்கக்கூட இன்னொருத்தர் கையைப் பாத்துண்டு இருக்கேன். எனக்குன்னு ஒண்ணு பண்ணித் தருவேளா?”

சரி என்றேன். முதல் கத்தி நழுவியது. இரண்டாவது அவர் விரலையே வெட்டிவிட்டது. மாமி புடவைத் தலைப்பால் விரலைச் சுற்றிக்கொண்டார். எனக்குத்தான் தாங்கவில்லை. கொட்டகையைக் காலி செய்துவிடலாம் என்று மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன்.

“நம்ம பொழப்புக்காக இத்தனை மாசமா ஜெபிச்சீங்க. அந்தம்மா கைக்காக ஒரு நாளாவது ஜெபிச்சீங்களா?” என்றாள்.

சுருக்கென்றது. இருவரும் அங்கேயே முழங்காலிட்டோம். “எனக்கு ஒண்ணும் தெரியலை ஆண்டவரே, அவங்களுக்கு இரங்கும்.” அதற்குமேல் வார்த்தை வரவில்லை. அழுதேன்.

மறுநாள் காலை இரும்பு அறுக்க ரம்பத்தை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. ரம்பத்தின் பிடி நிமிர்ந்திருந்தது. மணிக்கட்டு வளைய வேண்டியதில்லை. எத்தனை வருடம் பிடித்த ரம்பம்! அன்றுதான் கர்த்தர் என் கண்ணைத் திறந்தார். அதேபோல் நிமிர்ந்த பிடியும், அடியில் வளைந்த அலகுமாக ஒரு கத்தி செய்தேன். அமுக்கி ஆட்டினால் போதும்.

மாமி கத்திரிக்காயை நான்காக நறுக்கினார். கணவர் பக்கம் திரும்பி, “இன்னிக்குச் சாம்பார் நான்தான்” என்றார். கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

மாமிக்குக் கைப்பயிற்சி தர வந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, அதேபோல் கை விழுந்த இன்னொருவரை அனுப்பினாள். பிறகு ஊரின் மறுகோடியில் இருக்கும் சால்ட் லேக்கிலிருந்தும் வந்தார்கள். ஊரெங்கும் மந்தமாக இருந்த அந்த நாட்களிலேயே எங்கள் தொழில் பெருகியது.

இன்றும் புதிதாக ஒருவர் கையை நீட்டினால் எனக்குப் பயம்தான். அவர் பெயரைச் சொல்லி ஜெபித்த பிறகே இரும்பைத் தொடுகிறேன். வழி தெரியாமல் நிற்கும் சகோதரரே, சகோதரியே, உங்கள் பாரத்தோடு உங்கள் வாசலுக்கு வந்தவரின் பாரத்தையும் கர்த்தரிடம் சொல்லுங்கள். வார்த்தை வராத என் ஜெபத்தைக் கேட்டவர் உங்கள் ஜெபத்தையும் கேட்பார். அவருக்கே ஸ்தோத்திரம்.